வண்டி பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. ஹாரன் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கிறது. இந்த நிலைமைக்கு வந்ததும் பலரும் நேராகக் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் அதே தொல்லை திரும்பவும் வருகிறது. சார்ஜ் கொடுக்கும் காயிலோ, நடுவிலிருக்கும் வயரோ, சாவியை அணைத்த பிறகும் கரண்டை உறிஞ்சும் ஏதோ ஒன்றோ கெட்டிருந்தால் புது பேட்டரியும் அதே கதிக்குத்தான் ஆளாகும். அதனால் காசை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள். கீழே உள்ளவை நம் ஊரில் ஓடும் 100 சிசி முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தும். எல்லாமே 12 வோல்ட் லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் உள்ள) பேட்டரியை மனதில் வைத்து எழுதியவை.

பேட்டரிதான் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

மூன்று முறை அளக்க வேண்டும். முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் வையுங்கள். வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குப் பிடித்த டெர்மினல் தவறான கணக்கைக் காட்டும்.

முதல் அளவு ஓய்வில். வண்டியை ஓட்டியோ சார்ஜ் போட்டோ நான்கைந்து மணி நேரம் சும்மா விட்ட பிறகு பாருங்கள். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பார்ப்பது இன்னும் நல்லது. 12.7, 12.8 இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சாதாரண மனக்கணக்கில் ‘12 வோல்ட் பேட்டரி 12 காட்டுது, நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றும். அப்படி இல்லை. உள்ளே ஆறு செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். நல்ல பேட்டரி 12.6-க்கு மேல்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது அளவு செல்ஃப் அடிக்கும்போது. மீட்டர் முனைகளை எடுக்காமல் பட்டனை அழுத்துங்கள். வோல்ட் சட்டென்று இறங்கும், அது இயல்பு. 10-க்கு மேலேயே நின்றால் கவலையில்லை. ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி பட்டனை அழுத்தியதும் 8, 7 என்று விழுந்தால் அதன் தெம்பு போய்விட்டது. ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும் பேட்டரிகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது அளவு எஞ்சின் ஓடும்போது. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி 3,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. ஓய்வில் இருந்த 12.5-லேயே நின்றால், அல்லது அதற்கும் கீழே இறங்கினால், பேட்டரிக்குச் சார்ஜ் வரவே இல்லை. அந்த வண்டியில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் வீண்.

மெக்கானிக்கிடம் போகும்போது இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மீட்டர் இல்லை. கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். சாவியைப் போட்டு இண்டிகேட்டரை ஓட விட்டு, ஹாரன் அடியுங்கள். ஹாரன் அடிக்கும்போது இண்டிகேட்டர் நின்றுபோனால் அல்லது வெளிச்சம் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஹாரனும் இண்டிகேட்டரும் கணீரென்று இருந்தும் செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஸ்டார்டர் ரிலே, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ், கிளட்ச் அல்லது சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்.

ஹெட்லைட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை, காயிலிலிருந்து நேராக எரிகிறது.

சார்ஜ் போட்டால் 12.8 காட்டுகிறது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் 12.2. ஏன்?

முதலில் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி வைத்து இதையே செய்து பாருங்கள். தனியாக வைத்தும் ஒரே நாளில் இவ்வளவு இறங்கினால் கோளாறு உள்ளேதான். வண்டியில் மாட்டியிருக்கும்போது மட்டும் இறங்கினால் வண்டி கரண்டைத் தின்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது தகடுகளின் மேல் லெட் சல்ஃபேட் படியும். சார்ஜ் ஏறும்போது அது கரைந்து பழையபடி ஆகிவிடும். ஆனால் பாதி சார்ஜிலேயே பேட்டரியை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுக் கல்லாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. தகட்டின் பெரும்பகுதி வேலை செய்யாமல் போய்விடும். வோல்ட் மேலே ஏறும், ஆனால் உள்ளே சரக்கு இருக்காது. சார்ஜர் ‘ஃபுல்’ என்று சீக்கிரமே காட்டினால் இதைச் சந்தேகப்படுங்கள். 5 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி முழுதாகக் காலியான நிலையிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஃபுல் ஆக முடியாது.

இன்னொன்று, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5-ஐச் சுற்றியே நிற்பது. ஆறு செல்லில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. 12.6-இல் 2.1 போனால் 10.5, கணக்கு சரியாக வரும். இதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

சல்ஃபேட் லேசாக இருக்கும்போது, குறைந்த ஆம்பியரில் நிதானமாக ஒரு முழு நாள் சார்ஜ் போட்டால் சில பேட்டரிகள் ஓரளவு மீண்டு வரும். ஒரு தடவை முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதில் ஆசிட் சேர்ப்பது, உப்புக் கரைசல் ஊற்றுவது போன்ற வேலைகள் வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போதும் 13-ஐத் தாண்டவில்லை. காயிலா, ஆர்ஆர் யூனிட்டா?

இரண்டையும் பார்ப்பதற்கு முன் கப்ளரைப் பாருங்கள். எஞ்சினின் மேக்னட் கவரிலிருந்து வெளியே வரும் வயர்கள் ஒரு பிளாஸ்டிக் கப்ளரில் சேர்ந்து, அங்கிருந்து ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்கு, அதாவது நம் மெக்கானிக்குகள் ஆர்ஆர் யூனிட் என்று சொல்வதற்குப் போகின்றன. காயிலின் ஏசியை டிசியாக்கி, வோல்ட் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். பெரும்பாலான 150 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் மூன்று வயரும் மஞ்சள். அந்தக் கப்ளரைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பாகியிருக்கும். அந்தத் துளையில் இருக்கும் உலோகப் பின் கறுத்து, பக்கத்து மஞ்சள் வயரின் உறை ஓர் அங்குலத்துக்கு விறைத்துப் போயிருக்கும், வளைத்தால் விரிசல் விடும். மூன்று பின்களில் ஒன்று சரியாகத் தொடாமல் சூடேறி வந்த வினை இது. மழையும் புழுதியும் படும் இடத்தில் இந்தக் கப்ளர் இருப்பதால் அடிக்கடி நடக்கிறது. கருகிய பகுதியை வெட்டிவிட்டு, நல்ல பின் போட்டுப் புதுக் கப்ளர் மாற்றினாலே பல வண்டிகளில் சார்ஜிங் திரும்பிவிடும். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் பாகத்தை மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் இங்கே செலவழிப்பது நல்லது.

கப்ளர் சுத்தமாக இருந்தால் அடுத்தது காயில். கப்ளரைப் பிரித்த நிலையிலேயே, எஞ்சினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களை மீட்டரால் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது, எந்த மஞ்சள் வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கக் கூடாது. மீட்டர் ‘பீப்’ என்று கத்தினால் காயில் கருகி எர்த் ஆகிவிட்டது. அடுத்து, மீட்டரை ஏசி 200 வோல்ட்டுக்கு மாற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டிரண்டு வயராக மூன்று ஜோடியையும் அளக்கவும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் ஓடும்போது, 15, 20 வோல்ட் போல ஆரம்பித்து, ஆர்பிஎம் ஏற ஏற 50-ஐயும் தாண்டும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும் என்பது மாறாது. ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் பிளேட்டைக் கழற்ற வேண்டியதுதான். இந்த நேரத்தில் வயரின் வெறும் முனையைக் கையால் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

காயில் மூன்று ஜோடியிலும் சமமாகக் கொடுக்கிறது, கப்ளரும் சுத்தம், பேட்டரி வரைக்கும் போகும் வயரும் ஃபியூஸும் சரி. இத்தனைக்குப் பிறகும் பேட்டரியில் 13-ஐத் தாண்டவில்லை என்றால் ஆர்ஆர் யூனிட்டை மாற்றலாம்.

சிறிய வண்டிகளில் காயில் சிங்கிள் ஃபேஸ், மூன்று ஜோடி இருக்காது. வயர் எண்ணிக்கையும் நிறமும் வேறு. காயிலின் ஒரு முனை எஞ்சின் பாடியோடு சேர்ந்தே இருக்கும் வண்டிகளில் மேலே சொன்ன ‘பீப்’ சோதனை பொருந்தாது.

எஞ்சின் ஓடும்போது 15-க்கு மேல் காட்டுகிறது. நல்லதுதானே?

இல்லை, ஆபத்து. ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து வாயுவாக வெளியேறும், பேட்டரியின் பக்கவாட்டு உப்பும், பல்புகள் அடிக்கடி போகும். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் ஈசியூவுக்கும், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கும், கேடு. உப்பிய பேட்டரியைப் பார்த்தால் பேட்டரியை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள், ஆர்ஆர் யூனிட்டும் எர்த் வயரும் (பேட்டரியின் மைனஸ் வயர்) சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்.

ஓட்டும்போது சரி, நான்கு நாள் நிறுத்தினால் செத்துப்போகிறது. என்ன காரணம்?

சாவி அணைந்த பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் எடுக்கிறது. கொஞ்சம் எடுப்பது இயல்புதான். வண்டியின் டிஜிட்டல் மீட்டரில் ஓடும் கடிகாரத்துக்கும் ஈசியூவின் நினைவுக்கும் சில மில்லி ஆம்பியர் போகும். அது 50 மில்லி ஆம்பியர் ஆனால் என்னாகும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 1.2 ஏஎச். ஸ்கூட்டரில் இருப்பது 5 ஏஎச் பேட்டரி. நான்கு நாளில் காலி.

அளக்கும் முறை இது. சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய மைனஸ் வயரில் ஒரு முனையும் பேட்டரி மைனஸில் மறுமுனையும் வையுங்கள். அதாவது வண்டி எடுக்கும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த நிலையில் தவறியும் சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் எண் அதிகமாக இருந்து பிறகு இறங்கலாம், பொறுத்துப் பாருங்கள். நின்ற எண் பத்து மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.01 ஆம்பியருக்குள், இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றுங்கள். எந்த ஃபியூஸைக் கழற்றியதும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் திருடன் இருக்கிறான்.

எந்த ஃபியூஸைக் கழற்றினாலும் விழவில்லையா? பேட்டரி பிளஸ்ஸில் நேராக ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அது நாமே பிறகு மாட்டியதுதான். ஜிபிஎஸ் டிராக்கர், யுஎஸ்பி சார்ஜர், திருட்டு அலாரம், ஃபாக் லைட் ரிலே. இவற்றைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயரில் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். டிராக்கருக்கு அது முடியாது, எப்போதும் கரண்ட் வேண்டும். வாரக்கணக்கில் நிற்கும் ஸ்கூட்டரில் டிராக்கர் தேவைதானா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசிந்தால் வண்டி நிற்கும்போது பேட்டரியின் கரண்ட் அது வழியாகத் திரும்பிப் போகும். இதைப் பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தினமும் ஓட்டுகிறேன். எந்தக் கோளாறும் இல்லை என்கிறார் மெக்கானிக். ஆனாலும் பேட்டரி இறங்குகிறதே?

எவ்வளவு தூரம், எந்தச் சாலையில் என்பதுதான் கேள்வி. செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு ஸ்கூட்டரின் செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வினாடி அடித்தால் 0.05 ஏஎச். 5 ஏஎச் பேட்டரியில் நூற்றில் ஒரு பங்குதான்.

சிக்னலில் நிற்பதைப் பாருங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது, எஞ்சின் ஓடினால் பகலிலும் எரியும். சாதாரண பல்பு என்றால் 35 வாட், அதாவது 3 ஆம்பியர். கால் பிரேக்கிலேயே இருக்கும், பிரேக் லைட்டுக்கு 21 வாட். இண்டிகேட்டர் வேறு. 2020-இல் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைத் தள்ளவும் மின்சார பம்ப். ஐடிலில் காயில் கொடுப்பது இவ்வளவுக்கும் போதாமல் போகும்போது மிச்சத்தை பேட்டரிதான் ஈடுகட்டுகிறது. கிண்டியிலோ உக்கடத்திலோ நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால், எடுத்தது அதிகம், ஏறியது குறைவு. இதில் இரண்டு எல்இடி ஃபாக் லைட்டும் மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு முறையாவது நல்ல ரோட்டில் முக்கால் மணி நேரம், நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைப்பதென்றால் சாவியையும் அணைத்துவிடுங்கள். கில் சுவிட்சால் மட்டும் அணைத்தால் வண்டியைப் பொறுத்து பின் விளக்கும் மீட்டரும் எரிந்துகொண்டே இருக்கும். முழு நாளும் நெரிசலில் டெலிவரி ஓட்டுபவர்கள் மாதத்துக்கு ஒரு முறை வீட்டில் சார்ஜ் போடுவது பேட்டரியின் ஆயுளைக் கணிசமாக நீட்டும்.

இரண்டு மூன்று மாதம் வண்டியை எடுக்க மாட்டேன். வீட்டில் யாரையாவது தினமும் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லவா?

வேண்டாம். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் செல்ஃப் எடுத்ததுகூடத் திரும்ப ஏறாமல் போகலாம். எஞ்சினும் முழுச் சூடு அடையாமல் சைலன்சரில் ஈரம் தங்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து வண்டிகள் அப்படியே நின்றபோது, திரும்ப எடுத்தவர்களில் பலருக்கு பேட்டரிதான் முதல் செலவாக வந்தது.

சரியான வழி எளிது. பேட்டரியை முழு சார்ஜ் செய்யுங்கள். மைனஸ் வயரைக் கழற்றி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக விடுங்கள். முடிந்தால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் வையுங்கள். தனியாக வைத்தாலும் பேட்டரி மாதந்தோறும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், சூடான இடத்தில் இன்னும் வேகமாக. ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது அளந்து பார்த்து, 12.5-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டால் போதும்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு எந்தத் தண்ணீர்?

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆட்டோ ஸ்பேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கேன் தண்ணீரிலும் ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம், வரும் வழியில் தூசியும் உலோகமும் கலந்துவிடும்.

பெட்டியின் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். தண்ணீர் மட்டம் கீழ்க் கோட்டுக்கு இறங்கக் கூடாது, மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. குறைவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. அதனால் ஆசிட் சேர்க்கவே கூடாது. முதலில் சார்ஜ் போட்டுவிட்டு, பிறகு மேல் கோடு வரை நிரப்புங்கள். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வறண்டிருந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடலாம். ஆறு அறையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வற்றினால் அந்த செல் போகப் போகிறது.

பேட்டரியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மடங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் முனை செயின் மேலோ ஃபிரேம் மேலோ சொட்டாமல் இருக்க வேண்டும். ஆசிட் பட்ட செயின் வேகமாகத் துருப்பிடிக்கும்.

மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று எழுதியிருக்கும் மூடிய பேட்டரியை நெம்பித் திறக்காதீர்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மைனஸ் வயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸ் ஸ்க்ரூவைத் திருகும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும். தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, மாட்டி இறுக்கிய பின் மேலே வாஸ்லின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடித் துளை வழியாக உள்ளே போய்விடக் கூடாது.

எர்த் வயரின் மறுமுனையையும் மறக்க வேண்டாம். அது எஞ்சினிலோ ஃபிரேமிலோ ஒரு போல்ட்டில் பிடித்திருக்கும், அங்கே துரு ஏறினாலும் செல்ஃப் சோம்பும்.

வீட்டிலேயே சார்ஜ் போடலாமா? கார் பேட்டரி சார்ஜர் இருக்கிறது.

பேட்டரியின் ஏஎச் எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பொது விதி. 5 ஏஎச் என்றால் 0.5 ஆம்பியர், 9 ஏஎச் என்றால் 0.9. முழுதாக ஏறப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கார் சார்ஜர் 5, 10 ஆம்பியரைத் தள்ளினால் சின்னத் தகடுகள் வளைந்துவிடும். ஆம்பியரைக் குறைக்கும் வசதியும் முழுதானதும் தானே குறையும் வசதியும் உள்ள சார்ஜர் என்றால் பயன்படுத்தலாம். பேட்டரி கடைகளில் அவசரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரவு முழுக்கப் போட்டுக் காலையில் கொடுங்கள் என்று கேளுங்கள்.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பூஜை அறையிலோ அடுப்பங்கரையிலோ வேண்டாம், காற்றோட்டமான இடம் வேண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரியின் மூடிகளைத் தளர்த்தி வையுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானால் நிறுத்திவிடுங்கள்.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கார் பேட்டரியிலிருந்து எடுக்கலாமா?

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பல, பேட்டரி செத்திருந்தாலும் கிக்கர் அடித்தால் ஓடும். எஃப்ஐ வண்டியில் பம்ப்புக்கும் ஈசியூவுக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். சாவி போட்டால் மீட்டரில் விளக்கே வரவில்லை என்றால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை.

கார் பேட்டரியும் 12 வோல்ட்தான், எடுக்கலாம். கார் எஞ்சின் அணைந்திருக்கட்டும். பிளஸ்ஸோடு பிளஸ், பிறகு காரின் மைனஸிலிருந்து பைக் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கு. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் ஈசியூவும் ஆர்ஆர் யூனிட்டும் போய்விடும், அதனால் இருட்டில் செய்யாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு எஃப்ஐ வண்டியை ஓட்டவே கூடாது. காயிலிலிருந்து வரும் வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமன் செய்வது பேட்டரிதான். அது இல்லாவிட்டால் அடி ஈசியூ மேல் விழும்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. பேட்டரி பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ வண்டிகள் சீட் வரை தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்க்கத் தோன்றும், அடிக்காதீர்கள். முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் மேலாகக் கழுவி, உலர்த்தி, அளந்து, சார்ஜ் போட்டு வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்து உள்ளே வெள்ளம் போயிருந்தால் அதை நம்ப வேண்டாம். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், எல்லாக் கப்ளரும் பார்த்த பிறகே சாவி போட வேண்டும்.

ஒரு பேட்டரி எத்தனை வருடம் உழைக்க வேண்டும்?

நல்லபடி பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வருடம். நம் ஊரில் பேட்டரியின் பெரிய எதிரி வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நிறையப் பேருக்கு மார்கழிக் காலையில்தான் வண்டி எடுக்காமல் போகிறது, அதனால் குளிரைக் குற்றம் சொல்கிறார்கள். பேட்டரி கெட்டது சித்திரை, வைகாசி வெயிலில், தார்ச்சாலை ஓரம் நிழலில்லாமல் நின்ற நாட்களில். குளிரில் ஆயில் கெட்டியாகி செல்ஃபுக்குக் கூடுதல் தெம்பு தேவைப்படும்போது வெளியே தெரிகிறது. நிழலில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் சீட் மேல் ஒரு துணியாவது போடுங்கள்.

லித்தியம் பேட்டரி போடலாமா?

தினசரி வண்டிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. எடை வெகுவாகக் குறையும், உண்மை. ஆனால் விலை பல மடங்கு, சார்ஜரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், ஆர்ஆர் யூனிட் 15 வோல்ட் தள்ளும் பழைய வண்டியில் ஆபத்தும் கூட.

புது பேட்டரி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழையதில் எழுதியிருக்கும் அதே ஏஎச், அதே நீள அகலம், பிளஸ் முனை அதே பக்கம். அதிக ஏஎச் போட்டால் பலம் கூடும் என்று சில கடைகளில் சொல்வார்கள். காயில் கொடுக்கும் கரண்ட் அதே அளவுதான், அதனால் பெரிய பேட்டரி எப்போதும் பாதி வயிறாகவே நிற்கும்.

தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். கடையில் ஆறு மாதத்துக்கு மேல் தூங்கிய பேட்டரியை வாங்காதீர்கள். ஆசிட் ஊற்றித் தரும் வகையென்றால், ஊற்றிய பின் அரை மணி நேரமாவது ஊறவிட்டு, முதல் சார்ஜ் முழுதாகப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ‘வண்டியில ஓடுனா தானா ஏறிடும்’ என்று அப்படியே மாட்டிக் கொடுப்பது நடக்கிறது. முதல் சார்ஜ் அரைகுறையாக இருந்தால் அந்த பேட்டரி கடைசி வரை முழுத் திறனை எட்டாது. மீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பாருங்கள், 12.6-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

வாரன்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்குங்கள், பில்லைப் படம் எடுத்து வையுங்கள். பல கம்பெனிகளின் வாரன்டியில் முதல் பாதிக் காலம்தான் இலவச மாற்று, மீதிக் காலத்துக்குப் புது விலையில் தள்ளுபடி மட்டும். சார்ஜ் இறங்கியது மட்டும்தான் கோளாறு என்றால் அவர்கள் சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், அதனால் உங்கள் மூன்று அளவுகளையும் சொல்லுங்கள். உடைந்த பெட்டிக்கும் ஓவர் சார்ஜில் உப்பியதற்கும் வாரன்டி கிடைப்பது கடினம்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. வீட்டின் பின்புறம் உடைத்து ஈயம் எடுக்கும் ஆட்களிடம் கொடுத்தால் அது அந்தத் தெருக் குழந்தைகளின் உடம்பில்தான் போய்ச் சேரும். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு. கடைக்காரர் பழையதை வாங்க மறுத்தால், அதே கம்பெனியின் வேறு டீலரிடம் கேளுங்கள்.